போஞ்சி சந்தைக்கு, பயிற்றங்காய் வளவுக்கு



வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம் யாராவது ஓர் அம்மா இதைக் கேட்பார்: "பிள்ளை, போஞ்சி வைச்சால் எங்கட மண்ணில காய்க்காதோ?" சந்தையில் போஞ்சி விற்கும் விலையைப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். கொடி வரும், பூவும் வரும். ஆனால் வெயில் ஏற ஏறப் பூ கொட்டிவிடும். போஞ்சி குளிர்ச்சியை விரும்பும் பயிர். அதனால்தான் வெலிமடை, பதுளை, நுவரெலியாப் பக்கங்களில் அது செழிக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியரின் கப்பலேறி ஆசியாவுக்கு வந்த மரக்கறி அது. 'போஞ்சி' என்ற பெயரே ஒல்லாந்தர் மொழியில் இருந்து வந்ததுதான். 1658 தொடக்கம் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் கோட்டையோடு இந்தச் சொல்லையும் விட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் வெயிலுக்கு உரியது பயிற்றங்காய். கௌபியும் அதுவும் ஒரே குடும்பம் மட்டுமல்ல, ஒரே இனம். ஒன்றை விதைக்காகவும் மற்றதைக் காய்க்காகவும் வளர்க்கிறோம், அவ்வளவே. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு மலைநாட்டு மரக்கறிகள் இங்கே அரிதாகிப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது கறிச்சட்டியை நிரப்பியது எங்கள் வளவுகளில் நின்ற முருங்கையும் பூசணியும் பயிற்றங்காயும்தான்.

இந்தப் பயிரை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. இது தடியில் ஏறும். குனியாமல் நின்றபடியோ, ஒரு முக்காலியில் இருந்தபடியோ காய் பிடுங்கலாம். முதுகில் ஷெல் துண்டோடு வாழும் சகோதரிகளும், ஒரு காலை இழந்தவர்களும் வெங்காயப் பாத்தியில் நாள் முழுதும் குனிந்து நிற்க முடியாது. கிணற்றடியில் பத்துக் கொடியைப் பார்த்துக்கொள்ள அவர்களால் முடிகிறது. கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியதில்லை.

மாரி மழையில் விதைத்தால் வேர் அழுகும். தை பிறந்து நிலம் சற்றுக் காய்ந்த பின் போடுங்கள். ஆட்டெரு கலந்த குழியில், ஒரு விரற்கணு ஆழத்தில் இரண்டு மூன்று விதைகள். குழிக்குக் குழி ஒரு முழம். கொடி நீளத் தொடங்கியதும் தடி நட வேண்டும். வேலிக் கதியாலுக்கு வெட்டும் கிளுவைத் தடி போதும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஐம்பது நாள் மட்டில் முதற்காய் வரும். அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை பிடுங்கியே ஆகவேண்டும். முற்றிய காயைக் கொடியில் விட்டுவைத்தால் புதுப் பூ குறைந்துவிடும்.

யூரியா போடாதீர்கள். பயிற்றையின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியா காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதற்கு மேல் நாம் யூரியாவைக் கொட்டினால் இலை கொழுக்கும், காய் குறையும். மிச்சம் மழையோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும்போது பாதிக்கப்படுவது கைக்குழந்தைதான். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையை நீக்கினார்கள். இடையில் தோட்டக்காரர் பட்ட பாடு பெரிது. எருவும் சாம்பலும் போட்ட வீட்டுப் பயிற்றைக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

நுனியில் கறுப்பாக அசுகுணி மொய்த்தால் முதலில் அந்த நுனியைக் கிள்ளி எறியுங்கள். பிறகு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் தெளிக்கலாம். கடை மருந்து அடித்தால் போத்தலில் எழுதியுள்ள நாட்கள் கழியும்வரை காய் பிடுங்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பிடுங்கும் பயிரில் அது எப்படிச் சரிவரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சமையலைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். பிஞ்சுக் காயைக் கத்தியால் வெட்டாமல் விரல் நீளத்துக்குக் கையால் ஒடியுங்கள். நாரும் நல்ல காயும் அப்போதுதான் தெரியும். எண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கி எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கறித்தூளும் உப்பும் இரண்டாம் பாலும் விட்டுக் காயைப் போட்டு வற்றவிடுங்கள். கடைசியில் கொஞ்சம் முதற்பால் விட்டு இறக்கித் தேசிக்காய்ப் புளி விட்டால் பிரட்டல் தயார். சின்னதாக அரிந்து தேங்காய்ப்பூ சேர்த்தால் வறை. ஒடியற்கூழுக்கு இரண்டு பிடி போடாத வீடு எது? முற்றிய காயை எறியாதீர்கள். உரித்தெடுத்த விதையை அவித்தால் பிள்ளைகளுக்குப் புரதம்.

இனி விதைக்கு வருகிறேன். மீள்குடியேறிய கிராமங்களில் திட்டம் நடக்கும் காலத்தில் விதைப் பைக்கற் கிடைக்கிறது, தோட்டம் பச்சையாக நிற்கிறது. திட்டம் முடிந்த மறு வருடம் போய்ப் பார்த்தால் தடி மட்டும் நிற்கும். கேட்டால் "விதை தரேல்லையே" என்கிறார்கள். பயிற்றை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். அதனால் நல்ல கொடியின் விதை அதே குணத்தோடு முளைக்கும். கலப்பின விதை என்று பைக்கற்றில் எழுதியிருந்தால் மட்டும் அதைச் சேமிப்பதில் பயனில்லை. நோயில்லாத இரண்டு கொடியில் ஓலைத்துணி கட்டி அடையாளம் வையுங்கள். அதில் காய் பிடுங்க வேண்டாம், கொடியிலேயே காயட்டும். இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்த கொடியின் விதை வேண்டவே வேண்டாம். உரித்து, பல்லால் கடித்தால் நொறுங்கும்வரை காயவைத்து, அடுப்புச் சாம்பல் கலந்து ஈரமில்லாத போத்தலில் அடைத்து வையுங்கள். வண்டு வராது.

கடன் எடுத்துப் பயிற்றை செய்யலாமா என்று போன மாதம் ஒரு சகோதரி கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. நுண்கடன்காரர் வாரம் தவறாமல் வாசலுக்கு வருவார்கள். காய் எல்லா வாரமும் ஒரே மாதிரி வராது, சந்தை நிறைந்த நாளில் விலையும் விழும். கறிக்கு மிஞ்சியதை அயலுக்கும் சந்திக் கடைக்கும் கொடுத்து வரும் காசு பிள்ளையின் கொப்பிக்கு, பேனைக்கு, பஸ்ஸுக்கு உதவும். அந்தக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும். முதல் விதைக்கு உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். இரண்டு பிடி விதை ஒரு வளவுக்குத் தாராளம்.