தடையும் பிரயாணியும்

ஈரானின் மஹான் எயர், கேர்மானைச் சேர்ந்தோர் 1990களின் தொடக்கத்தில் நிறுவிய தனியார் விமான நிறுவனமாகும். குத்ஸ் படைக்கு ஆட்களையும் ஆயுதங்களையும் இரகசியமாக ஏற்றிச் சென்றதெனக் குற்றஞ்சாட்டி, அமெரிக்கத் திறைசேரி 2011 ஒக்டோபரில் அதன்மீது தடை விதித்தது. அக்குற்றச்சாட்டை அற்பமெனத் தள்ளிவிட முடியாது. தனியார் என்னும் பெயர் போர்ப்பணிக்கு முகமூடியாகலாகாது.

ஆயின் தடை சாதித்தது யாது? 2015 மேயில், ஈராக்கிய நிறுவனமொன்றின் ஊடாக ஒன்பது எயர்பஸ் விமானங்கள் மஹானைச் சென்றடைந்தன. நிறுவனம் புறவாசலைக் கண்டுகொண்டது. பிரயாணிக்கோ அத்தகைய வாசல் எதுவுமில்லை.

பிரயாணி வேறு நிறுவனத்தை நாடலாமே என்பர் தடையின் ஆதரவாளர். 1995இன் அமெரிக்க வர்த்தகத் தடை ஈரானிய நிறுவனங்கள் அனைத்துக்குமே உதிரிப்பாகங்களை அரிதாக்கிவிட்டதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பாதுகாப்பான விமானப் போக்குவரத்து உலக மக்களின் தேவையென 1944இன் சிக்காகோ உடன்படிக்கை கூறுகின்றது. அம்மாநாட்டைக் கூட்டிய நாடே அமெரிக்காதான்!

ஆயுதம் ஏற்றும் நிறுவனத்தைத் தண்டிக்க வழியுண்டு. 2019 ஜனவரியில் ஜேர்மனி மஹானின் பறப்பு அனுமதியை இரத்துச் செய்தது. அத்தண்டனை நிறுவனத்தையே சாரும். உதிரிப்பாகத்தை மறுப்பதோ, ஆயுதத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற பிரயாணியின் உயிரைப் பணயம் வைப்பதாகும். அதனை நீதியென்று அழைத்தல் தகாது.