மாடிக்கு ஏறுமா தண்ணீர்?

தாமிரபரணி வற்றாத ஆறுதான். ஆனாலும் நெல்லை வண்ணார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் கடை எரிந்தால், உச்சி மாடிக்கு நீர் ஏற்ற வேண்டியது அந்தக் கட்டடத்தின் குழாய். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ‘சென்னை சில்க்ஸ்’ துணிக்கடைக் கட்டடம் பற்றி எரிந்தது. மறுநாள் ஒரு பகுதி சரிந்தது, பிறகு மிச்சத்தையும் இடித்தார்கள். துணிக்கடைகள் நிறைந்த நெல்லைக்கு வேறு எச்சரிக்கை தேவையில்லை.

கூரையில் தெரியும் ஸ்பிரிங்ளரின் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடைந்து நீரை விடும். சினிமாவில் வருவதுபோல் எல்லாம் ஒருசேரக் கொட்டுவதில்லை. சூடு பட்டது மட்டுமே திறக்கும். சரக்கெல்லாம் நனைந்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது வீண். மாடிப்படி ஓரம் நிற்கும் ரைசர் குழாய் தீயணைப்பு வீரர்களுக்கானது. ஈர வகையில் நீர் எப்போதும் அழுத்தத்தோடு நிற்கும். உலர் வகையில் வண்டி வந்து கீழிருந்து ஏற்றினால்தான் உண்டு. டவுன் ரதவீதிகளின் தீபாவளி நெரிசலில் வண்டியை நம்பி உலர் குழாய் வைப்பது அசட்டுத் துணிச்சல்.

காகிதத்தைப் பார்த்துத் தடையில்லாச் சான்று புதுப்பிப்பது போதாது. பம்பை ஓடவிட்டு, உச்சி மாடி வால்வைத் திறந்து பார்த்த பிறகே அதிகாரிகள் கையெழுத்திட வேண்டும். பண்டிகைக் கூட்டம் தொடங்கும் முன்பே தீயணைப்புத் துறையும் மாநகராட்சியும் இதைச் செய்யட்டும்.