பெண்ணைக் கேட்டீர்களா?

சபை நடத்தும் விதிகள் என்றாலே நமக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. யார் தலைமை வகிப்பது, யார் யாருக்கு ஓட்டு, கையைத் தூக்குவதா, சீட்டுப் போடுவதா? இதெல்லாம் வக்கீல்கள் பாடு என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் நம் வீடுகளிலும் இந்த விதிகள் உண்டு. தட்டு மாற்றும் நேரத்தில், "எல்லாம் சரி, பெண்ணைக் கேட்டீர்களா?" என்று ஓர் அத்தை குறுக்கே கேட்கிறாளே, அதுதான் முதல் விதி. கேட்காமல் நடந்த கல்யாணத்துக்கு எத்தனை நாதஸ்வரம் ஊதினாலும் மனசு நிறையாது.

ஓர் ஊரையே தாரை வார்க்கும்போது கேட்காமல் இருக்கலாமா?

மாங்கனித் திருவிழாவுக்குப் பேர்போன காரைக்காலைப் பாருங்கள். கிழக்கே கடல், மற்றப் பக்கமெல்லாம் அந்நாளைய தஞ்சை ஜில்லா. 1947-ல் சுற்றியுள்ள ஊர்கள் சுதந்திரம் கொண்டாடியபோது, இங்கே மட்டும் பிரெஞ்சுக் கொடி பறந்தது. தலைநகரான புதுச்சேரிக்குப் போகவே இந்திய மண்ணைக் கடக்க வேண்டும்!

பிரான்ஸின் 1946-ஆம் வருஷத்து அரசியல் சாசனம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: அங்குள்ள மக்களின் சம்மதமில்லாமல் எந்தப் பிரதேசத்தையும் கைமாற்றினால் செல்லாது. அதன்படி 1949-ல் வங்காளத்துச் சந்திரநாகூர் மக்கள் நேரடியாகவே ஓட்டளித்தார்கள். இந்தியாவுக்கு 7,473; எதிராக 114.

புதுச்சேரி, காரைக்கால் முறை 1954-ல் வந்தது. இங்கே வீட்டுக்கு வீடு கேட்கவில்லை. மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்த பிரதிநிதி சபை அங்கத்தினர்களும், நகராட்சி அங்கத்தினர்களும், ஆக 178 பேர், அக்டோபர் 18-ஆம் தேதி கீழூர் என்ற சிற்றூரில் கூடினார்கள். ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8.

"மக்களிடமே நேரில் கேட்டிருக்கலாமே" என்ற குறை அன்றும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த எட்டுப் பேரைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஊரெல்லாம் ஒரு பக்கம் நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருந்தது. யார் சொன்னது என்று யாரும் துருவ முடியாதபடி சீட்டு காப்பாற்றியது. "வேண்டாம்" சொல்ல வழியிருந்ததால்தான் அந்த 170 "சம்மத"த்துக்கும் மதிப்பு. தலையைக் குனிந்தபடி நிற்கும் பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது வேறு. அவள் வாய் திறந்து சொல்வது வேறு அல்லவா?

1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1956 மே மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஏற்று, பத்திரங்கள் கைமாறியது 1962 ஆகஸ்டு 16-ல்தான். குடியேறிய வீட்டுக்குப் பத்திரம் பதிவாக எட்டு வருஷம்!

அந்த ஒப்பந்தத்தில் பொன்னான ஒரு விதி இருக்கிறது: இப்பிரதேசங்களின் தனி அந்தஸ்தைப் பின்னால் மாற்றுவதானால், மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும். 1979 ஜனவரியில், இவற்றை அண்டை மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை டில்லியில் கிளம்பியது. "எங்களைக் கேட்டீர்களா?" என்று மக்கள் வீதிக்கு வந்தார்கள். யோசனை கைவிடப்பட்டது.

ஒப்பந்தம் எழுதியவர்கள் சேர்த்த ஒரே ஒரு வரி, இருபத்து மூன்று வருஷம் கழித்து ஒரு தலைமுறையின் வாய்ச்சொல்லாயிற்று. விதிகள் வறண்டவைதான், சகோதரிகளே. ஆனால் பலமுள்ளவனுக்கு விதி தேவையில்லை. குரல் எடுபடாதவர்களுக்குத்தான் அது துணை.

வீடு விற்கும்போதும், நகை அடகு வைக்கும்போதும், பெண்ணின் படிப்பை நிறுத்தும்போதும், இனி நீங்களும் கேளுங்கள்: "யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?"