இடையிற் கிடைத்த பொழுது

பிரயாணம் செய்வோர் அனைவரும் என்றேனும் ஒருநாள் எதிர்ப்படும் சிறு சங்கடம் ஒன்றைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் அளவளாவ விழைகிறோம். ஒரு வண்டியை விட்டு இறங்கியாயிற்று. அடுத்த வண்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறது. இறங்கிய இடமோ பேர்பெற்ற ஊர். அந்த இடைநேரத்தில் ஊரைப் பார்த்துவரப் புறப்படலாமா? அன்றி, மூட்டை முடிச்சுகளைக் காத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்திருப்பதே உசிதமா?

இவ்வினாவுக்கு இரு சாரார் இருவிதமாக விடை கூறுவர். "ஊர் எங்கே ஓடிவிடப் போகிறது? இன்னொரு முறை வந்தாற் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு சாரார் பெட்டியின் மேலேயே அமர்ந்துவிடுவர். அந்த இன்னொரு முறை பெரும்பாலும் வருவதேயில்லை. "வந்தது வந்தோம், பார்க்காமற் போவதா?" என்று மறு சாரார் எழுந்து ஓடுவர். இவர்கள் ஊரையும் சரியாகப் பாராமல், வண்டியையும் தவறவிட்டு, வீட்டாரிடம் வசையும் கேட்பர். இரு சாராரும் தத்தம் சுபாவத்தை ஒட்டியே முடிவு செய்கின்றனர். எமது அபிப்பிராயத்தில் இது சுபாவத்தைப் பொறுத்த விஷயமன்று. கணக்கைப் பொறுத்த விஷயம். அக்கணக்கைப் போடும் முறையை எமது மலையகத்தை வைத்தே பார்ப்போம்.

மலையகத்தில் இவ்வினா பெரும்பாலும் எழும் இடம் நானுஓயா. நுவரெலியா நகருக்குள் புகையிரதம் செல்வதில்லை என்பதை வெளியூர் அன்பர் பலர் அங்கு வந்து இறங்கிய பின்னரே அறிகின்றனர். 1884இல் ஹட்டனை எட்டிய இருப்புப்பாதை, மறு ஆண்டு நானுஓயாவை அடைந்தது. பின்னர் அது நகரத்துக்கு ஏறாமல் பட்டிப்பொலை, பண்டாரவளை வழியாகச் சென்று, 1924இல் பதுளையில் முடிவுற்றது. நானுஓயாவிலிருந்து இரண்டரை அடி அகலமுள்ள சிறு பாதை ஒன்றும் ஒரு காலத்தில் இருந்தது. அது 1903இல் நுவரெலியாவுக்கும், 1904இல் இராகலைக்கும் திறக்கப்பட்டு, 1940களில் மூடப்பட்டது. அன்று தொட்டு, நிலையத்துக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் தூரத்தைப் பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோதான் கடக்க வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பதுளைப் பக்கம் போகும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வண்டிகளுக்கிடையே நானுஓயாவில் மூன்று மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தை விட்டு வெளியே வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, நகரை அடைய முக்கால் மணி நேரம். திரும்புவதற்கும் முக்கால் மணி நேரம். அடுத்த வண்டி வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே மேடையில் நிற்க வேண்டும். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது ஒரு மணி நேரம் என்று பலர் மகிழ்வர். ஆயின் மழை, மூடுபனி, வீதி நெரிசல், இடமின்றி நிற்காமற் செல்லும் பஸ் என்னும் நான்கு கடன்காரர் வாசலில் நிற்பதை அவர்கள் காண்பதில்லை. அவர்களில் ஒருவர் வந்து கையை நீட்டினாலும் அந்த ஒரு மணி நேரம் அவருக்கே உரியதாகிவிடும். ஏப்ரில் மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டத்தின்போது நால்வரும் சேர்ந்தே வருவதுண்டு.

அப்படியாயின் எவ்வளவு நேரத்தை ஒதுக்கி வைப்பது? இதற்குச் சிங்கப்பூரிலிருந்து நல்லதோர் உதாரணம் கிடைக்கிறது. அங்குள்ள சாங்கி விமான நிலையம், அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் பிரயாணிகளை இலவசமாக அழைத்துச் சென்று நகரைக் காட்டிவருகிறது. அச்சுற்றுலா இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆயினும் இரு விமானங்களுக்கிடையே குறைந்தது ஐந்தரை மணி நேரம் இல்லாதவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. தம் ஊரின் வீதிகளையும் வாகனங்களையும் நன்கறிந்தவர்களே, கையிலுள்ள நேரத்திற் பாதிக்கும் மேலானதைத் தொடாமல் வைத்திருக்கின்றனர். மணி பிசகாத ஊரிலேயே இவ்வளவு எச்சரிக்கை என்றால், மலை வளைவுகளில் ஏறி இறங்கும் நாம் அதற்குக் குறைந்த எச்சரிக்கையுடன் நடப்பது தகுமா?

ஆகவே நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்கு எளிய விதி ஒன்றைக் கூறுகிறோம். கையிலுள்ள இடைநேரத்திற் பாதியை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அது வண்டிக்கு உரியது. போகவும் பார்க்கவும் திரும்பவும் மற்றைய பாதிக்குள் அடங்குமானால் போகலாம், அடங்காதாயின் வேண்டாம். மூன்று மணி நேரத்திற் பாதி ஒன்றரை மணி. நானுஓயாவிலிருந்து போய்வரும் வழிக்கே அது சரியாகிவிடும். ஊருக்கென்று ஒரு நிமிடமும் மிஞ்சாது. ஐந்து மணி நேரம் இருந்தாலோ, பாதியான இரண்டரை மணியில் வழிக்குப் போக ஒரு முழு மணி நேரம் ஊருக்குக் கிடைக்கும். நானுஓயாவைப் பொறுத்தவரை நான்கு மணிக்குக் குறைந்தால் அசைய வேண்டாம். ஐந்து இருந்தால் தயங்க வேண்டாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலைநாட்டுப் புகையிரதம் தாமதித்து வருவது வழக்கந்தானே என்று அத்தாமதத்தையும் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்வோர் உண்டு. தாமதம் நமது சொத்தன்று. அதை நம்பிப் போனவனுக்கென்றே அன்று வண்டி நேரத்துக்கு வந்து சேரும். மேலும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மலையகத்து வீதிகளையும் இருப்புப்பாதையையும் எவ்வாறு குலைத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. எந்த வண்டி எதுவரை ஓடுகிறது என்பதை அன்றன்று நிலையத்தில் விசாரித்தறிந்த பின்னரே மற்றைய யோசனைகளிற் புக வேண்டும்.

சரி, நுவரெலியாவில் அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே ஒன்றை மட்டும் பாருங்கள். செங்கல்லாற் கட்டப்பெற்று 1894 முதல் நிற்கும் தபாற் கந்தோர் ஒன்று. அதனை விடுதியாக மாற்றும் யோசனையை எதிர்த்து 2023இல் தபால் ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்தனர். உறவினர் ஒருவருக்கு அங்கிருந்து ஒரு கடிதம் அனுப்பினால் அதுவே பிரயாணத்தின் நினைவாகிவிடும். குழந்தைகள் உடன் இருந்தால், 1897இல் மகாராணியாரின் வைரவிழாவையொட்டிப் பெயர்பெற்ற விக்டோரியா பூங்கா நல்லது. தண்ணீரைக் காண விரும்புவோருக்கு, ஆள்பதி கிரகரி காலத்தில் 1873இல் உண்டாக்கப்பட்ட வாவி இருக்கிறது. 1861இல் தொடங்கிய ஹக்கலைத் தாவரத் தோட்டமும், சீதா எலியவில் உள்ள அம்மன் கோயிலும் நகருக்கு அப்பால் உள்ளவை. ஹோட்டன் சமவெளியோ அரை நாளைக் கேட்கும். இவற்றை இடைநேரத்துக்குள் திணிக்க முயல வேண்டாம். அவற்றுக்கென்றே ஒருநாள் வாருங்கள்.

ஹட்டனிற் கணக்கு வேறு. அங்கே புகையிரத நிலையம் நகரத்தின் மடியிலேயே இருக்கிறது. பஸ் நிலையமும் நடக்கக்கூடிய தூரத்தில் உள்ளது. வழிக்கென்று நேரம் செலவாகாமையால், இரண்டு மணி நேரக் காத்திருப்பிற்கூட ஒரு மணி நேரம் நமக்கு மிஞ்சுகிறது. மாணிக்கப் பிள்ளையார் ஆலயத்தில் வணங்கிவிட்டு, கடைவீதியில் ஒரு தேநீர் அருந்தி, ஆறுதலாகத் திரும்பிவிடலாம். ஊர் பெரிதா சிறிதா என்பதன்று, நிலையத்துக்கும் ஊருக்கும் இடைத்தூரம் எவ்வளவு என்பதே முடிவைத் தருகிறது என்பதற்கு நானுஓயாவும் ஹட்டனுமே சான்று. சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டனில் இறங்குவோர் சிலர், நல்லதண்ணி வரையாவது போய்வரலாமா என்று கேட்பதுண்டு. 7,300 அடிக்கும் மேல் உயர்ந்த அந்த மலை, இரவெல்லாம் ஏறி விடியலிற் காண வேண்டியது. இரு வண்டிகளுக்கிடையே எட்டிப் பார்ப்பதற்குரியதன்று.

அருவிகளைக் காணவும் தனியே வாகனம் பிடிக்க வேண்டியதில்லை. ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் பஸ்ஸின் சன்னலோரத்தில் அமர்ந்தாற் போதும். டெவோன் அருவியும் சென் கிளேயர் அருவியும் வீதியிலிருந்தே தோன்றும். 2012இல் மேல் கொத்மலை மின்னிலையம் இயங்கத் தொடங்கிய பின் சென் கிளேயர் அருவியின் நீரோட்டம் முன்போல் இல்லை என்றாலும், மழைக்காலத்தில் அதன் எழில் இன்றும் கண்ணை விட்டகலாது. காணத்தக்கது வழியிலேயே இருக்கும்போது, அதைத் தேடி வழியை விட்டு விலகுவானேன்?

இதுவரை கூறியது எல்லாப் பிரயாணிகளுக்கும் பொது. இனிக் கூறப்போவது எமது தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு.

வைத்தியசாலைக்கோ, அடையாள அட்டைக்கோ, சேமலாப நிதிக் காரியத்துக்கோ நகருக்கு வரும் தாய் ஒருத்தி, காரியம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். கையைப் பிடித்து நிற்கும் பிள்ளை, "அம்மா, அங்கே போய்ப் பார்ப்போமா?" என்று கேட்கிறது. "வேலைக்கு வந்தோம், வேடிக்கை பார்க்கவா வந்தோம்?" என்பதே பெரும்பாலும் விடை. இவ்விடை ஒருநாளிற் பிறந்ததன்று. நுவரெலியா தொடக்கத்தில் ஆங்கிலத் துரைமாரின் ஓய்வுக்காக வளர்ந்த ஊர். 1876இல் அவர்கள் கழகமும் 1889இல் அவர்கள் கொல்ப் மைதானமும் அமைந்தன. அந்த ஊருக்கு வருவாய் தந்த தேயிலையை நட்டுக் கொழுந்தெடுத்தவர் எம்மவர். ஆயினும் எம்மவருக்கு நகரம் என்பது பத்திரத்துக்காக அழைக்கப்பட்டு, வரிசையில் நின்று, திரும்பிப் போகும் இடமாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அவ்வரிசையை நீட்டின. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். கந்தோர் வாசலிற் காத்திருந்தே பழகிய கால்கள், பூங்காவின் வாசலுக்குத் திரும்பத் தயங்குவது வியப்பன்று.

ஆயினும் தாய்மார் அப்பிள்ளையின் வேண்டுகோளை உடனே மறுத்துவிட வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள். தான் பிறந்த மாவட்டத்தின் நகரைக் கண்ணாரக் காண்பது வேடிக்கையன்று. அது தன்னுடைய ஊர் என்னும் உணர்வு அங்குதான் பிறக்கிறது. மருந்துப் புட்டியையும் படிவத்தையும் பிள்ளை மறந்துவிடும். அம்மாவின் கையைப் பிடித்து வாவிக் கரையில் நடந்ததை மறவாது. அதே வேளையில், கணக்கும் இங்கேதான் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். வசதி படைத்தவருக்குத் தவறிய வண்டி, பின்னர் சிரித்துச் சொல்லும் கதை. பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ டயகமவுக்கோ போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட தொழிலாளிக்கு, அது முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் ஒரு நாட் சம்பளம். இருட்டிலே தோட்டப் பாதையில் நடக்கும் அச்சம். ஆதலால் கடைசி பஸ்ஸை நம்பி ஊர் பார்க்கப் புறப்படவேண்டாம். அதற்கு முந்திய பஸ்ஸையே கடைசி பஸ்ஸாக எண்ணிப் பாதிக் கணக்கைப் போடுங்கள். அதற்குள் அடங்கினால், அரை மணி நேரமாயினும் தாராளமாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அடங்காவிட்டால், "அடுத்த முறை ஒரு பஸ் முந்தி வருவோம்" என்று சொல்லி, அச்சொல்லைக் காப்பாற்றுங்கள்.

வசதி படைத்தவர்கள் ஊர் பார்ப்பதற்கென்றே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். நம்மிற் பலருக்கு அத்தகைய நாள் எளிதில் வாய்ப்பதில்லை. காரியத்துக்கும் காரியத்துக்கும் இடையே சிந்திக் கிடக்கும் மணித்துளிகளே நமக்கு வாய்த்த விடுமுறை. அவற்றை வீணாக்காமலும், அவற்றுக்காக வண்டியை இழக்காமலும் இருக்கக் கற்றுக்கொள்வோமாக. அடுத்த முறை வாங்கில் அமருமுன் மணிக்கூட்டை ஒருமுறை பாருங்கள், பாதியைக் கழியுங்கள், மிஞ்சுவது உங்களுடையது.