ஊருக்குள் ஓடும் ஜீப்புக்குப் பட்டன் டயர் எதற்கு?

மகிந்திரா தார் 2020 அக்டோபரில் புது வடிவில் வந்தபின், மலைக்கும் காட்டுக்கும் என்று செய்த வண்டி சென்னை, கோவைத் தெருக்களில் அன்றாட வண்டியாகிவிட்டது. 2023 ஜனவரியில் பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் மாடலும் வந்தது. நான்கு சக்கர இயக்கமே இல்லாத அந்த வண்டிக்கும் பெரிய பெரிய கட்டைகள் துருத்தும் பட்டன் டயரையும் 20 அங்குல அலாயையும் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறார்கள். அவரவர் ரசனை என்று இதை விட்டுவிட முடியாது. மழைநாளில் வண்டி எங்கே நிற்கும் என்பதில் டயருக்குப் பெரும் பங்கு உண்டு.

டயர் கடையில் இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்து, விரலால் தடவிப் பாருங்கள். நெடுஞ்சாலை டயரின் கட்டைகள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் ஓடும். பிரேக் அழுத்தும்போது அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் தண்ணீர்ப் படலத்தைக் கிழித்துச் சாலையைப் பற்றுகின்றன. பட்டன் டயரில் கட்டைகள் உயரம், இடைவெளி அகலம், வெட்டுகள் குறைவு. களிமண் ஒட்டிக்கொள்ளாமல் தெறித்து விழுவதற்காகவே விட்ட இடைவெளி அது. சேற்றில் அது பலம். நனைந்த சாலையில் அதே இடைவெளியால் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது, உயரமான கட்டைகளும் நெளிகின்றன, வண்டி நிற்கும் தூரம் கூடுகிறது. இரைச்சலும் டீசல் செலவும் தனி. புதிய வடிவமைப்பு டயர்களுக்கு 2022 அக்டோபர் முதல் மத்திய அரசு வரம்பு விதித்தது மூன்று விஷயங்களில்: ஈரத்தில் பிடிப்பு, உருளும்போது தோன்றும் தடை, ஓசை. பட்டன் டயர் பின்தங்குவது இந்த மூன்றிலும்தான்.

ரிம் விஷயத்தில் பெரிதுதான் நல்லது என்ற எண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2020 தாரில் வந்த 245/75 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 184 மி.மீ. 255/65 ஆர்18இல் அது 166. கடைகளில் மாட்டும் 265/50 ஆர்20இல் வெறும் 133. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய குழியில் சக்கரம் இறங்கும்போது அடியைத் தாங்குவது இந்தப் பக்கச்சுவரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். அது குறையக் குறைய ரிம் நெளியும், டயர் புடைக்கும். நம் ஊர்ச் சாலைக்கு 16 அங்குலமே சரி. விலை குறைந்த மாடலுக்கென்று கொடுத்த சக்கரம் என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. மொத்த விட்டத்தைக் கூட்டினாலும் தொல்லைதான். 255/65 ஆர்18க்குப் பதில் 285/70 ஆர்17 போட்டால் சுற்றளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி முன்பைவிட மூன்று கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும், பிரேக்குக்கும் வேலை அதிகம்.

"என்றைக்காவது மலைக்குப் போவோமே" என்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் கொல்லிமலைப் பாதையும் 40 வளைவுகள் கொண்ட வால்பாறைப் பாதையும் நல்ல சாலைகள். அங்கே மழையில் தேவைப்படுவது சேற்றுக் கட்டைகள் அல்ல, ஈரப்பிடிப்பு. மணலுக்கும் இந்த டயர் தோதல்ல. கட்டைகள் மணலைத் தோண்டித் தோண்டி வண்டியை அமிழ்த்திவிடும். காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் சாதாரண டயரே மணலில் ஏறிவரும். சாலைக்குத் திரும்பியதும் சிறு கம்ப்ரசரால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். கல்லுக்கும் முள்ளுக்கும் பட்டன் டயர் தாங்கும் என்பது உண்மை. தினமும் எஸ்டேட் சேற்றிலும் கல்குவாரியிலும் ஓட்டுகிறவர் தாராளமாக அதைப் போடட்டும். எடுப்பான தோற்றத்துக்காக என்பவர்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: சிக்னலில் நம் பம்பருக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் ஒரு ஸ்கூட்டர், அதில் ஒரு குழந்தையும் இருக்கலாம். நம் தோற்ற ஆசைக்கு விலை கொடுப்பவர்கள் அவர்களாக இருக்கக் கூடாது.

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்களா? கம்பெனி சொன்ன அளவிலேயே நெடுஞ்சாலை டயர் போடுங்கள். மாதம் ஓரிரு முறை மண்பாதையில் இறங்குவீர்களா? நெருக்கமான கட்டைகள் கொண்ட ஆல் டெரெய்ன் போதும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கட்டும். விட்டம் மாறினால் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் பாகங்கள்தான் அடிவாங்கும். பணம் கொடுக்கும் முன், டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்.