களைச்ச ஆக்களிட்டப் பிடுங்கிற காசு

"முப்பது ரூபாய்க்கே இந்தச் சண்டை?"

இதைக் கேட்காத ஆள் எங்கட ஊரில இல்லை. தண்ணிப்போத்தலுக்குக் கூட விலை எடுத்ததை ஏன் என்று கேட்டால், வரிசையில பின்னுக்கு நிற்கிறவர் கேட்பார். மிச்சக்காசுக்குப் பதிலாக வைச்ச ரொபியைத் திருப்பித் தள்ளினால், காசு வாங்கிற பிள்ளை வாய் திறக்காமல் கண்ணாலேயே கேட்கும். வங்கி அட்டையை நீட்டினதும் "மூண்டு வீதம் கூட வரும்" என்று சொல்லுகிற கடை முதலாளியும் இதைத்தான் கேட்பார். அந்த மூன்று வீதம் கடைக்காரர் வங்கிக்குக் கட்டவேண்டியது, வாங்குகிறவரின் தலையில கட்டக்கூடாது என்று மத்திய வங்கி எத்தினையோ தடவை அறிவித்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்பார். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் சொல்லுவா, "விடு பிள்ளை, முப்பது ரூபாய் தானே."

அம்மா அன்பிலதான் சொல்லுறா. ஆனால் அந்த "தானே" என்ற சொல்லிலதான் கன கொம்பனிகள் வியாபாரம் நடத்துகின்றன என்பது என்ட வாதம். முப்பது ரூபாயை அவை தெரியாமல் எடுக்கேல்லை. நீங்கள் கேட்கமாட்டீங்கள், கேட்க உங்களுக்கு நேரமில்லை, உடம்பிலையும் சக்தியில்லை என்று கணக்குப் பார்த்துத்தான் எடுக்கினம். மூவாயிரம் எடுத்தால் நீங்கள் அவையின்ர வாசலில போய் நிற்பீங்கள். முப்பது என்றால் பெருமூச்சு விட்டுட்டுப் படுப்பீங்கள். ஒரு பேச்சுக்கு ஒரு இலட்சம் பேரிட்ட மாதம் முப்பது ரூபாய் என்று வைச்சுப் பாருங்கோ, மாதம் முப்பது இலட்சம். அதில ஒரு நூறு பேர் கத்தினால் அந்த நூறு பேருக்கும் திருப்பிக் குடுத்தாலும் கொம்பனிக்கு மூவாயிரம் ரூபாய்தான் நட்டம்.

என்ட கைத்தொலைபேசியில கன மாதமாய் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது கேட்காது, எனக்கு அழைப்பு எடுக்கிற ஆக்களுக்குத்தான் கேட்கும். ஒருநாள் சிநேகிதி ஒருத்தி "என்னடி உனக்கு இப்பிடி ஒரு ரசனை" என்று கேட்டபோதுதான் விசயம் வெளியில வந்தது. மாதம் முப்பது ரூபாயும் வரியும். நான் கேட்கேல்லை என்று சொன்னால், "நீங்கள் ஒண்டை அழுத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறீங்கள்" என்று பதில் வருது. எப்ப அழுத்தினனான், திகதியைச் சொல்லுங்கோ என்றால் அதற்குப் பதிலில்லை. சேர்வதற்கு ஒரு பட்டன் காணும். விலகுவதற்கு ஒரு குறுக்கு இலக்கம், அதுக்குள்ள ஒரு பட்டியல், அதுக்குள்ள இன்னொரு பட்டியல். இதை வடிவமைச்சவர் மடையரில்லை, நல்லாய்ப் படிச்ச ஆள்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேணும். வற் வரி 2022 நடுப்பகுதியில 8 இலிருந்து 12 வீதமாகி, அதே வருசம் செப்டெம்பரில 15 ஆகி, 2024 தையில 18 ஆனது. ஒவ்வொரு முறையும் பில்லில இருக்கிற இலக்கங்கள் மாறின. அதில எது அரசாங்கத்துக்குப் போற வரி, எது கொம்பனி தன்ட பாட்டுக்கு ஏத்தின காசு என்று பிரிச்சுப் பார்க்கிற பழக்கமே எங்களுக்கு விட்டுப்போச்சு. "வரி கூடிற்றுது" என்று ஒரு வசனம் காணும், அதுக்குப் பின்னால என்னத்தையும் ஒளிக்கலாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீங்கள். இருக்குது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். விலையைப் பார்வைக்கு வைக்கவேணும், கேட்டால் பற்றுச்சீட்டுக் குடுக்கவேணும் என்று அதில தெளிவாய் எழுதியிருக்கு. 2021இல திருத்தி, உச்சவிலையை மீறி விற்கிற தனி ஆளுக்கு ஒரு இலட்சத்திலிருந்தும் கொம்பனிக்கு ஐந்து இலட்சத்திலிருந்தும் தண்டம் தொடங்கும் என்று ஆக்கினார்கள். 2025 சித்திரையிலிருந்து அரை லீற்றர் தண்ணிப்போத்தலின் உச்சவிலை 70 ரூபாய். அதை நூறுக்கு வித்துப் பிடிபட்டால் ஒரு போத்தலுக்கே ஐந்து இலட்சம் கட்டவேண்டி வரும். பெரிய சூப்பர்மார்க்கெற்றுகளும் இப்பிடி மாட்டியிருக்கின்றன. நல்லது, சந்தோசம்.

ஆனால் பாருங்கோ, சட்டத்துக்குப் பிடிபடுகிறது போத்தல். போத்தலில விலை அச்சடிச்சிருக்கு, அதிகாரி ஒருவர் சாதாரண ஆள் மாதிரிப் போய் வாங்கினால் வழக்குத் தயார். என்னைப் போல ஆக்களிட்ட மாதாமாதம் காசு போறது போத்தலில இல்லை. சேவைக் கட்டணம், பதிவுக் கட்டணம், பிந்தின கட்டணம், முடிஞ்சுபோன டேட்டாவுக்கு மேலால வெட்டின காசு. இதுகளில எதுவும் எங்கையும் அச்சடிச்சிருக்காது. சந்தியில கடை வைச்சிருக்கிற ஐயாவைப் பிடிக்கிறது லேசு. கொழும்பில கண்ணாடிக் கட்டடத்தில இருக்கிற கணினி நிரலை எந்த அதிகாரி போய் வாங்கிப் பார்க்கிறது? 2025இல பஸ்ஸில 27 ரூபாய்க்கு 30 எடுத்த கொண்டக்டர் அண்ணையோடயும் நான் சண்டைக்குப் போகேல்லை. அந்த மூன்று ரூபாய் எங்கை போகுதென்று எனக்குத் தெரியும், பின்னேரம் அவர் குடிக்கிற தேத்தண்ணிக்கு.

இனி வருத்தத்துக்கு வருவம்.

2025 சித்திரையில, வெள்ளவத்தையில அறை எடுத்து வேலை செய்த காலத்தில எனக்குச் சிக்குன்குனியா வந்தது. 2006, 2007 இல எங்கட அம்மாமாரைப் படுக்கவைச்ச அதே வருத்தம், இத்தனை வருசம் கழிச்சுத் திரும்பி வந்து கொழும்பைப் பிடிச்சிருந்தது. காய்ச்சல் ஒரு கிழமையில போயிற்றுது. மூட்டு நோ போகேல்லை. காலமை எழும்பினால் விரல்கள் மடங்காது, போத்தல் மூடி திறக்க ஏலாது, கழிப்பறையில இருந்து எழும்ப சுவரைப் பிடிக்கவேணும். இருபத்தெட்டு வயசு எனக்கு. அறை வாடகையை விட்டிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தன்.

காய்ச்சல் என்று வந்தால் முதலில டெங்கு இல்லை என்று உறுதிப்படுத்தவேணும், அதுக்கு முதல் பரசிற்றமோல் தவிர வேற நோ மருந்து குடிக்கக்கூடாது. அதனால இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட ஏலாது. தனியார் ஆய்வுகூடங்களுக்கு இது நல்லாய்த் தெரியும். 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் ஆக்களுக்கு டெங்கு வந்த 2017இல, முழுக் குருதிப் பரிசோதனைக்கு 250 ரூபாய்க்கு மேல எடுக்கக்கூடாது என்று அரசாங்கம் வர்த்தமானி போட வேண்டி வந்தது ஏன் என்று நினைக்கிறீங்கள்? காய்ச்சலோட நிற்கிற ஆள் விலை பேசமாட்டார். என்னிட்டயும் பேசுற சீவன் இருக்கேல்லை. பரிசோதனைக் காசுக்கு மேலால "ஊசி, பஞ்சு" என்று ஒரு வரி பில்லில இருந்தது. ஊசி போடாமல் இரத்தம் எடுக்கிற வழி ஒன்று இருக்கா என்று கேட்டிருக்கவேணும், கதிரையில சாய்ஞ்சு கண்ணை மூடிக்கொண்டு இருந்தன்.

பேந்து மூட்டு வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணினன். அன்றைக்கு அவர் வரேல்லை. வைத்தியரின் காசைத் திருப்பித் தந்தார்கள், பதிவுக் கட்டணத்தைத் தரேல்லை. "அது எங்கட சேவைக்கு மிஸ்." என்ன சேவை? வராத ஆளை வருவார் என்று சொன்ன சேவை. பாமசியில பத்துக் குளிசை கேட்டால் முழுக் காட்டாய்த்தான் தருவம் என்றார்கள். இதெல்லாம் தனித்தனியாய்ப் பார்த்தால் சில்லறைதான். ஒரே மாதத்தில, வேலையில்லாத மாதத்தில, கூட்டிப் பார்த்தால்தான் விளங்கும். கடைசியில பெரியாஸ்பத்திரி கிளினிக்கில விடியவே போய் நம்பர் எடுத்து, காத்திருந்து, காசில்லாமல்தான் என்ட முழங்காலை ஒருவர் பொறுமையாய்த் தொட்டுப் பார்த்தார். இலவச வைத்தியத்தைப் பகிடி பண்ணுகிற ஆக்கள் ஒருக்கா அந்த வாங்கில இருந்து பார்க்கவேணும்.

அந்தத் தொலைபேசிக் கொம்பனிக்கும் இந்த நாள்களிலதான் அழைப்பு எடுத்தன். தமிழுக்கு உரிய இலக்கத்தை அழுத்தினன். இருபது நிமிசம் இசை. எடுத்தவருக்குத் தமிழ் வராது, "ஒரு நிமிசம்" என்று மட்டும் தமிழில சொல்லத் தெரியும். திரும்பவும் இசை. வீங்கின விரலால தொலைபேசியைக் காதோட பிடிச்சுக்கொண்டு இருக்கிறது எவ்வளவு நோ என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை, அவரிலையும் பிழையில்லை. சம்பளத்துக்கு இருக்கிற பிள்ளை. ஆனால் தமிழ் கதைக்கிற ஆக்களைக் காணுமான அளவு வேலைக்கு எடுக்காமல் விடுகிறதும் ஒரு இலாபம்தான். வரிசை நீண்டால் சனம் வைச்சிடும். வைச்சால் முப்பது ரூபாய் மிச்சம்.

இவ்வளவுக்குள்ளும் நான் சைக்கிள் ஓடினன். இதைச் சொன்னால் ரண்டு விதமான ஆக்கள் வருவினம். ஒரு பகுதி, "விசரே உனக்கு, முழங்கால் நோவோட?" மற்றப் பகுதி, "நல்லது, சைக்கிள் ஓடினால் எல்லா வருத்தமும் பறந்திடும்." ரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். ஓட்டோவுக்குக் காசில்லை. பஸ்ஸின் முதல் படி என்ட முழங்காலுக்கு எட்டாத உயரம், நின்றுகொண்டு போகவும் ஏலாது. சைக்கிளில இருந்தால் உடம்பின்ட பாரத்தைச் சீற் தாங்கும், கால் சும்மா சுத்தும். யாழ்ப்பாணத்தில மேடு பள்ளம் இல்லை, அது ஒரு புண்ணியம். இதில சாதனையும் இல்லை, வைத்தியமும் இல்லை. உங்களுக்கு என்ன ஏலும் என்று உங்கட வைத்தியரைக் கேளுங்கோ, என்னைக் கேட்காதேங்கோ.

கஷ்டம் காலில இல்லை, கையிலதான். பிறேக் பிடிக்க விரல் மடங்காது. அதனால மெதுவாய், ஓரமாய், சந்திக்கு முப்பது யார் முன்னுக்கே காலைத் தேய்ச்சுக்கொண்டு. வைகாசி கழிய சோளகக்காத்து தொடங்கிற்றுது. போகேக்கை காத்து முகத்தில அடிச்சால் இறங்கி உருட்டுவன். உருட்டிக்கொண்டு போகேக்கை கன விசயம் யோசிக்கலாம். 90களில பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோல் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோச் செய்தி கேட்ட கதையை அப்பா எத்தினை தரம் சொல்லியிருப்பார். 2022இல பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், வரிசையும் கியூ ஆர் கோடும் வந்தபோது, ஊரில எல்லாரும் பத்தியில கிடந்த சைக்கிளை எடுத்துத் துடைச்சார்கள். அப்ப சைக்கிளின்ட விலையும் பாட்ஸின்ட விலையும் ஏறினது சும்மாவா? தேவை கூடினால் அதிலயும் கை வைப்பினம். சைக்கிள் ஒன்றும் சந்தைக்கு வெளியில நிற்கிற சாமி இல்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கு. சில்லு காத்துப் போனால் ஒட்டுப் போடுகிற அண்ணை முதலே சொல்லுவார், "தங்கச்சி, ரண்டு இடத்தில போயிருக்கு, இவ்வளவு வரும், ஒட்டவோ?" வேண்டாம் என்றால் உருட்டிக்கொண்டு போகலாம். அடுத்த மாதம் என்னைக் கேட்காமல் என்ட பொக்கற்றுக்குள்ள அவர் கை விடமாட்டார். என்ட பிறேக் கம்பியை இளக்கி, கைப்பிடிக்குக் கிட்டவாய் வளைச்சுத் தந்ததும் அவர்தான். நான் கொம்பனிகளிட்ட கேட்கிறது இதைவிடக் கூட இல்லை. விலையை முதலே சொல்லுங்கோ. ஓம் என்று நான் சொன்ன பிறகு எடுங்கோ. சேர ஒரு பட்டன் என்றால் விலகவும் ஒரு பட்டன் வையுங்கோ.

"விழிப்பாய் இருங்கோ, பில்லை வாசியுங்கோ" என்று அறிவுரை சொல்லுகிற பத்திரிகைப் பக்கங்களில எனக்கு எரிச்சல் வாறது இதாலதான். களவெடுக்கிறவனை விட்டிட்டுக் களவு குடுத்தவனுக்கு வகுப்பெடுக்கிறது. விழிப்பாய் இருக்கிறதுக்கும் உடம்பு வேணும். சட்டமே அதை நினைச்சுப் பார்க்கேல்லை. பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், சரி. ஆனால் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்தில இருக்கவேணும், பொருளை வாங்கி அல்லது சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள்ள குடுக்கவேணும். சிக்குன்குனியா மூட்டு நோ லேசாய் மூன்று மாதம் நிற்கும், சிலருக்கு வருசக்கணக்கும் நிற்கும். பேனை பிடிக்க ஏலாத மூன்று மாதம்தான் எழுதிக் குடுக்கச் சொன்ன மூன்று மாதமும்.

நான் ஆனியில எழுதினன். நாளுக்கு நாலு வரி. பதிவுக் கட்டணத்துக்கு ஒரு கடிதம் அதிகாரசபைக்கு, பாட்டுக்கு ஒரு கடிதம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு. ரண்டாவதைப் பதிவுத் தபாலில அனுப்பினன், தபாலுக்குப் போன காசு பாட்டின்ட மாதக் கட்டணத்தை விடக் கூட. முதலாவதைக் கச்சேரிக்குச் சைக்கிளில கொண்டுபோய்க் கையில குடுத்து, பிரதியில திகதி முத்திரையும் அடிச்சு வாங்கினன். அதை நீங்களும் மறக்காமல் வாங்குங்கோ.

பதில் இன்னும் வரேல்லை. இதை வாசிக்கிற ஆக்களில ஆரிட்டையாவது இப்படி வராத வைத்தியருக்குக் கட்டின பில், கேட்காத பாட்டுக்கு வெட்டின குறுஞ்செய்தி இருந்தால் அழியாமல் வைச்சிருங்கோ, மூன்று மாதம் போகமுதல் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாங்கோ. கை நோகிற ஆக்களுக்கு நான் எழுதித் தாறன். இப்ப விரல் மடங்குது.