மறைத்து வைத்துப் பிள்ளைகளைக் காக்க முடியாது

தோட்டத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் அதை யாரும் மறைப்பதில்லை. லயத்து வாசலில் பந்தல் எழும்புகிறது. அட்டன் டவுனில் படம் எடுத்து ஆளுயரப் பதாகை அடிக்கிறார்கள். ஒலிபெருக்கி பாட, தாய்மாமன் சீரோடு வந்து இறங்குகிறார். கடன் வாங்கியாவது சடங்கைச் சிறப்பாக நடத்தும் நம் குடும்பங்களில், அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, உன் உடம்பில் நடப்பது இது, மாதாமாதம் இப்படி இருக்கும், இன்னார் இப்படித் தொட்டால் உடனே என்னிடம் சொல் என்று விளக்குபவர்கள் மிகச் சிலர். “இனிமே பையன்களோட பேசாத” என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆண்பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தைகூடக் கிடைப்பதில்லை.

வீட்டில் நடக்காததைப் பாடசாலைதான் செய்ய வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகள் அனைத்திலும், ஆறாம் தரத்திலிருந்தே, பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கொண்டு, தமிழிலேயே பாலியல் சுகாதாரக் கல்வி வழங்கப்பட வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

பாடம் இல்லாமல் இல்லை. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தில் பருவ வயது மாற்றங்கள் பேசப்படுகின்றன. விஞ்ஞானப் பாடத்தில் இனப்பெருக்கத் தொகுதி இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் வரும்போது பல வகுப்பறைகளில் ஆசிரியரின் குரல் தணிகிறது. வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த அலகுக்குப் போய்விடுகிறார்கள். பின்வரிசையில் பையன்கள் சிரிக்கிறார்கள், முன்வரிசைப் பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆசிரியரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவருக்கும் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. பெற்றோர் சண்டைக்கு வந்தால் துணைக்கு நிற்பார் யார் என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஏழாம் தர மாணவருக்காகக் கல்வி அமைச்சே தயாரித்த ‘ஹத்தே அப்பே பொத’ என்ற நூல், பௌத்த பிக்குகள் உள்ளிட்டோர் எதிர்த்ததும் நிறுத்திவைக்கப்பட்டது. அமைச்சே பின்வாங்கிய இடத்தில் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர் தனியாக நிற்க மாட்டார்.

இதெல்லாம் தாய் சொல்லித்தர வேண்டியது என்கிறார்கள். தோட்டத்துத் தாயின் நாளைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இருட்டோடு எழுந்து சமைத்து, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். திரும்பினால் இருப்பது ஒரே காம்பரா. அப்பா, அண்ணன், பாட்டி எல்லோரும் அதற்குள்தான். எந்த மூலையில் வைத்து மகளோடு தனியாகப் பேசுவது? இன்னும் எத்தனையோ வீடுகளில் தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டுவேலையில் இருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலையை விட்டால் வேறு ஆள் இல்லை.

நம் இளைஞர்களுக்குச் சட்டமும் தெரியாது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின்படி, 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், பாலியல் வல்லுறவுக் குற்றம். திருமணத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பையனுக்கு இது தெரிந்திருப்பதில்லை. அவள் வயிற்றோடு வைத்தியசாலைக்குப் போகும்போது விஷயம் பொலிஸுக்குப் போகிறது. அவன் சிறைக்குப் போகிறான், அவள் படிப்பு அத்தோடு நிற்கிறது. இரண்டு குடும்பமும் சேர்ந்து சமாதானம் பேசினாலும் சட்டம் விடுவதில்லை. முதலிலேயே சொல்லித் தந்திருக்க வேண்டிய விஷயம் இது.

2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, வேலைக்குப் போன கொழும்பு வீட்டில் தீக்காயங்களுக்கு உள்ளாகி வைத்தியசாலையில் உயிரிழந்தாள். அவள் பாலியல் துன்புறுத்தலுக்கும் உள்ளாகியிருந்ததாகப் பிரேதப் பரிசோதனையை ஒட்டி வெளிவந்த செய்தி மலையகத்தையே உலுக்கியது. பாடசாலையில் ஒரு பாடம் நடத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நாம் சொல்லவில்லை. அவளை அங்கே அனுப்பியது வறுமை. ஆனால் தனக்கு நடப்பது குற்றம் என்றும், அதை இன்ன இடத்தில் சொல்லலாம் என்றும் தெரிந்துகொள்ளாமல் நம் பிள்ளை ஒன்றுகூட மலையை விட்டு இறங்கக் கூடாது.

மலையகத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே எழும் இன்னொரு சந்தேகத்தை நாம் மதிக்கிறோம். எண்பதுகளில் கருத்தடை அறுவைக்கு அரசு பணம் கொடுத்தது. நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில்தான் ‘ஒப்பரேஷன்’ செய்துகொண்ட பெண்களின் விகிதம் கூடுதல். வேறு வழிகள் இருப்பதைச் சொல்லாமலே மேசையில் ஏற்றினார்கள் என்று கசப்போடு சொல்லும் மூத்த பெண்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சுகாதாரம் என்ற பெயரில் நம் சனத்தொகையைக் குறைக்கப் பார்க்கிறார்களோ என்ற அச்சம் அங்கிருந்து வருவது. அந்தப் பெண்களுக்கு நேர்ந்த அநியாயம், தம் உடம்பைப் பற்றித் தெரியாதவர்களாக அவர்கள் வைக்கப்பட்டதால் நேர்ந்தது. விவரம் தெரிந்த பெண், இது எதற்கு, இதற்கு மாற்று என்ன என்று கேளாமல் கையொப்பம் இட மாட்டாள். பேத்திகளுக்காவது அந்த விவரம் கிடைக்க வேண்டும்.

சொல்லித் தந்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற பயம் பெற்றோரிடம் உண்மையாகவே இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்கிறது; இக்கல்வி பெற்ற இளையோர் உறவைப் பிற்போடவும் பாதுகாப்பாக நடந்துகொள்ளவும் செய்கிறார்கள். தவிரவும், நாம் சொல்லாவிட்டால் பிள்ளை ஒன்றும் அறியாமல் இருக்கப்போவதில்லை. கொரோனாக் காலத்தில் இணைய வகுப்புக்காக ‘சிக்னல்’ தேடி மலையேறிய பிள்ளைகளின் கையில் வந்த தொலைபேசி அங்கேயே தங்கிவிட்டது. ஆபாசப் படமும், படத்தைக் காட்டி மிரட்டுபவனும் அதன் வழியாக லயத்துக்குள் வந்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இதைக் கற்பிக்கும் பயிற்சி கட்டாயமாக வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் தமிழ் பேசும் குடும்ப நல உத்தியோகத்தரைத் தோட்டப் பாடசாலைகளுக்குத் தவணைதோறும் அனுப்ப வேண்டும். சிங்களம் மட்டும் தெரிந்தவரிடம் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இந்தக் கேள்விகளைக் கேட்க மாட்டாள். மாணவிகளுக்கு அணையாடை வாங்க 2024இல் அரசு 1,200 ரூபா வவுச்சர் அறிவித்தது நல்ல காரியம். அணையாடையை மாற்றிக்கொள்ளத் தண்ணீர் வரும் கழிப்பறையும் பாடசாலையில் இருக்க வேண்டும். சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் தொழிற்சங்கங்கள் இதையும் தம் கோரிக்கையில் சேர்க்கட்டும். கோயில் நிர்வாகங்கள் எதிர்க்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதிபர்கள் இவற்றுக்கெல்லாம் காத்திருக்காமல் நாளையே ஒன்றைச் செய்யலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் தமிழில் பெரிதாக எழுதுங்கள். அது எதற்கு என்பதைப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.